சன்னல் வழியே ஒரு வினைச்சொல்

கேள்வி: ‘டிஃபெனஸ்ட்ரேட்’ என்று ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல் இருக்கிறதாமே, என்ன பொருள்?

பதில்: சன்னல் வழியே வெளியே தூக்கி எறிவது. லத்தீனில் ‘ஃபெனஸ்ட்ரா’ என்றால் சன்னல். மாடிப்படியில் உருட்டிவிட்டாலும் மொட்டைமாடியிலிருந்து தள்ளிவிட்டாலும் இந்தச் சொல் செல்லாது. சன்னல் இருந்தே ஆக வேண்டும்.

கேள்வி: இதற்கென்று தனிச்சொல் வேண்டிய அளவுக்கா ஆட்களை எறிந்தார்கள்?

பதில்: பிராக் நகரத்தில் எறிந்தார்கள். 1419இல் மதச் சீர்திருத்தவாதி ஜான் ஹஸ்ஸின் வழிவந்தவர்கள் நகரமன்றத்துக்குள் புகுந்து, அங்கிருந்த ஆட்சியாளர்களைச் சன்னல் வழியே வீசிக் கொன்றார்கள். ஆனால் சொல்லுக்குப் பேர் வாங்கித் தந்தது 1618 மே 23தான். தங்கள் வழிபாட்டு உரிமை பறிபோகிறது என்று கொதித்த புராட்டஸ்டண்ட் பிரபுக்கள் பிராக் கோட்டைக்குள் நுழைந்து, புனித ரோமானியப் பேரரசரின் கத்தோலிக்கப் பிரதிநிதிகள் இருவரைப் பிடித்தார்கள். முதலில் மார்டினிட்ஸ் போனார். அடுத்தவர் ஸ்லவாட்டா சன்னல் விளிம்பை விடாமல் பற்றித் தொங்க, குத்துவாளின் கைப்பிடியால் அவர் விரல்களை அடித்தார்கள்; பிடி நழுவியது. கூடவே எழுத்தர் ஃபாப்ரிஷியஸும் போனார்.

ஏறக்குறைய 21 மீட்டர் உயரம். மூவரும் பிழைத்துக்கொண்டார்கள்! மாதா தாங்கிப் பிடித்தார் என்றது ஒரு தரப்பு. கீழே குப்பைமேடு இருந்தது என்றது மறுதரப்பு. எழுத்தருக்குப் பின்னாளில் பிரபுப் பட்டமும் கிடைத்தது. பட்டத்தின் பெயர் ‘ஹோஹென்ஃபால்’, அதாவது ‘உயர்ந்த வீழ்ச்சி’. விழுந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். ஆனால் அதையொட்டி மூண்ட முப்பதாண்டுப் போர் 1648 வரை ஐரோப்பாவைச் சுடுகாடாக்கியது.

கேள்வி: இன்று இதை எங்கே பயன்படுத்துவது?

பதில்: கட்சித் தலைவரையோ நிறுவனத் தலைவரையோ பதவியிலிருந்து திடீரெனத் தூக்கும்போது ஆங்கில ஏடுகள் இதை எழுதும். கணினியிலிருந்து விண்டோஸை நீக்குவதையும் கணினிக்காரர்கள் வேடிக்கையாக இப்படிச் சொல்வதுண்டு.

கேள்வி: தமிழில் ஒரே சொல்லில் சொல்ல முடியுமா?

பதில்: ‘கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார்கள்’ என்பதுதான் நம் வழக்கு. அது வாசல் வழி. சன்னல் என்ற சொல்லே போர்ச்சுக்கீசிய ‘ஜனெலா’விலிருந்து வந்தது. ஆங்கில ‘விண்டோ’வுக்கு மூலம் பழைய நார்ஸ் மொழி, பொருள், காற்றின் கண். சிலப்பதிகாரத்தில் வரும் ‘காலதர்’ அதற்குப் பக்கத்து வீடு: கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. புகார் நகரத்து மாளிகைகளில் இருந்தவையோ மானின் கண் போன்ற காலதர்கள். காற்று வந்துபோக அவ்வளவு அழகாகப் பேர் வைத்தவர்கள், அதன் வழியே ஆளை எறிவதற்கு ஒரு சொல் செய்துவைக்கவில்லை.