பட்டம் வரும் பின்னே, பாடம் வரும் முன்னே

வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போவதற்கான ஆயத்தம், திருச்சியில் இளங்கலை இரண்டாமாண்டின் பிற்பகுதியில் தொடங்குகிறது. முதலாண்டில் அந்த எண்ணம் வருவதில்லை. மூன்றாமாண்டில் அரியர் வேறு எதையும் எண்ண விடுவதில்லை. நடுவில் கிடைக்கும் அந்தச் சில மாதங்களில், சத்திரம் பேருந்து நிலையத்துக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் இடையே ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் நின்றபடியே வியட்நாம், ஜப்பான், தென்கொரியா என்று மூன்று நாடுகளைப் போனில் பார்த்துவிட முடியும்.

வெளியிலிருந்து வந்து ஆங்கிலம் கற்பித்தவர்களை இந்த ஊர் நன்றாக அறியும். புனித வளனார் கல்லூரி 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி, 1883-இல் திருச்சிக்கு வந்தது. அதை நிறுவியவர்கள் பிரெஞ்சு நாட்டுச் சேசு சபைப் பாதிரியார்கள். பிரெஞ்சு பேசி வளர்ந்தவர்கள் நடத்திய கல்லூரியில் தமிழ் பேசி வளர்ந்தவர்கள் ஆங்கிலம் கற்று, ஆங்கிலேயரின் அலுவலகங்களில் உத்தியோகம் பார்த்தார்கள். இன்றைய விசா விதிகளின்படி, அந்தப் பாதிரியார்களுக்குத் தென்கொரியாவில் ஆங்கில வாத்தியார் வேலை கிடைக்காது.

காரணம், தென்கொரியாவின் மொழி ஆசிரியர் விசா, ஆங்கிலத்தைப் பொறுத்தவரை, ஏழு நாட்டுக் குடிமக்களுக்கே உரியது: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. 2010-இல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரியப் பொருளாதார ஒப்பந்தம் இந்தியர்களுக்கும் ஒரு சிறு கதவைத் திறந்தது. ஆனால் அதில் நுழையப் பட்டத்தோடு ஆசிரியர் தகுதிச் சான்றும் வேண்டும். வியட்நாமும் தாய்லாந்தும் பட்டம் கேட்கின்றன. திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகருக்கு 2023 நவம்பரில் நேரடி விமானம் தொடங்கியதால் வியட்நாம் பக்கத்து ஊர் மாதிரி ஆகிவிட்டது. விமான டிக்கெட்டுக்கு மட்டும் பட்டம் கேட்பதில்லை. மாலத்தீவுப் பள்ளிகளில் இந்திய ஆசிரியர்கள் பல பத்தாண்டுகளாகப் பணியாற்றுகிறார்கள். அங்கே பி.எட். இருந்தால்தான் மரியாதை.

ஜப்பானின் விதி தனி ரகம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர், பள்ளியில் ஆசிரியராகச் சேர வேண்டுமானால், 12 ஆண்டுகள் ஆங்கிலவழியில் படித்திருக்க வேண்டும். திருச்சியின் மெட்ரிக் பள்ளி மாணவர் இந்தக் கணக்கில் தேறிவிடுவார். புத்தகம், தேர்வு, ரேங்க் கார்டு, 'தமிழில் பேசினால் அபராதம்' என்ற அறிவிப்புப் பலகை எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருந்தன. அந்த அபராதத்தைப் பற்றிய பேச்சுவார்த்தை மட்டும் தமிழில் நடந்தது. அதை எந்தத் தூதரகமும் விசாரிப்பதில்லை.

ஆக, பட்டம் முடியாதவருக்கு முறையான வேலை விசா பெரும்பாலும் கிடையாது. 'பட்டம் தேவையில்லை, உடனே புறப்படலாம், சுற்றுலா விசா போதும்' என்று ஒரு விளம்பரம் சொன்னால், புறப்பட வேண்டியது அந்த விளம்பரம் இருக்கும் இடத்திலிருந்துதான். சுற்றுலா விசாவில் வேலை பார்ப்பது பெரும்பாலான நாடுகளில் சட்டமீறல். தாய்லாந்தில் வேலை என்று நம்பிப் போய் மியான்மாரில் சிக்கிக்கொண்ட தமிழ்நாட்டு இளைஞர்களை 2022-இல் மீட்டு வர வேண்டியிருந்தது. ஆள் அனுப்பும் முகவர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும். 'அண்ணனுக்குத் தெரிந்தவர்' என்பது பதிவு எண் ஆகாது.

பட்டத்துக்கு முன்பே முடிக்கக்கூடிய வேலைகளில் முதலாவது பாஸ்போர்ட். 36 பக்கப் புத்தகத்துக்குச் சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய். பத்தாம் வகுப்பு தேறியவருக்குக் குடியேற்றச் சோதனை தேவையில்லாத பாஸ்போர்ட் கிடைக்கும். இதில் தமிழர்களுக்கென்றே ஒரு சோதனை உண்டு: இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் 'எஸ். ரங்கநாதன்' என்று இருக்கும். பாஸ்போர்ட் படிவமோ குடும்பப் பெயர் என்ன என்று கேட்கும். அந்தக் கட்டத்தில் அப்பாவின் பெயரான சீனிவாசனை எழுதிவிட்டால், ஹனோய் நகரத்து இரண்டாம் வகுப்பு மொத்தமும் 'குட் மார்னிங், மிஸ்டர் சீனிவாசன்' என்று எழுந்து நிற்கும். சீனிவாசன் அப்போது ஸ்ரீரங்கத்தின் மேலச் சித்திரை வீதியில் காப்பி குடித்துக்கொண்டிருப்பார். பெயர் இரண்டு ஆவணங்களில் இரண்டு விதமாக இருந்தால், வகுப்பறைக்கு முன்பே அலுவலகத்தில் விளக்கம் சொல்ல வேண்டிவரும். படிக்கும்போதே இதைச் சரிசெய்வது நல்லது.

காவல்துறைச் சான்றை முன்கூட்டி வாங்கி வைப்பதில் பயனில்லை. பல நாடுகள் அண்மையில் பெற்ற சான்றையே ஏற்கும். இரண்டாமாண்டு நன்னடத்தை மூன்றாமாண்டில் செல்லாது. பட்டச் சான்றில் பெற வேண்டிய அப்போஸ்டில் முத்திரையும் அப்படித்தான். அப்போஸ்டில் உடன்படிக்கை இந்தியாவில் 2005-இல் நடைமுறைக்கு வந்ததால் வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரையைப் பல நாடுகள் ஒப்புக்கொள்கின்றன. முத்திரை குத்த முதலில் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் வர அரியர் போக வேண்டும்.

அடுத்தது பயிற்சிச் சான்றிதழ். கேம்பிரிட்ஜ் வழங்கும் 'செல்டா' படிப்பில் சேரப் பட்டம் தேவையில்லை. 18 வயதும் கல்லூரியில் சேரும் தகுதியும் நல்ல ஆங்கிலமும் இருந்தால் போதும். குறைந்தது 120 மணி நேரப் பயிற்சி. அதில் 6 மணி நேரம் உண்மையான மாணவர்கள் முன் நின்று பாடம் நடத்த வேண்டும். அந்த மாணவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள். பாடம் பிடிக்காவிட்டால் மேசைக்கடியில் போய் உட்கார்ந்துகொள்ளாதவர்கள். இணையத்தில் விற்கும் வேறு பல சான்றிதழ்களும் 120 மணி என்றே சொல்கின்றன. அவற்றின் விலைக்குறைப்பு எப்போதும் இன்று நள்ளிரவோடு முடிகிறது. மறுநாள் காலையில் மறுபடி தொடங்குகிறது.

எந்தச் சான்றிதழாலும் தர முடியாதது குழந்தைகளோடு பழகிய பழக்கம். இதற்கு வெளிநாடு தேவையில்லை. 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில், பிளஸ் டூ முடித்தவர்களே ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை உள்ள பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லலாம் என்று இருந்தது. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. பட்டம் முடியாத ஒருவர் ஆசிரியராக நிற்பதற்கு அரசே தெருக்கோடியில் இடம் கொடுத்தது.

திட்டம் இல்லாவிட்டாலும் தெரு இருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதி வீடு ஒன்றின் கூடத்தில் மாலை ஆறு மணிக்கு ஏழெட்டுப் பிள்ளைகளைச் சேர்ப்பது கடினமில்லை. ஒரு டப்பா முறுக்கு போதும். பயிற்சியின் விதி ஒன்றே: தமிழ் பேசக் கூடாது. கொரியாவிலோ வியட்நாமிலோ தமிழ் கைகொடுக்காது. ஆப்பிள், பஸ், பென்சில் என்று தொடங்கினால் பயிற்சியே ஆகாது. அவை பிள்ளைகளுக்கு அப்பா அம்மாவுக்கு முன்பிருந்தே தமிழ்தான். அதனால் தெரியாத பொருளாக எடுக்க வேண்டும். கல்லூரி அக்கா பனிப்பொழிவுப் படத்தைத் தூக்கிக் காட்டி, "திஸ் இஸ் ஸ்நோ" என்கிறார்.

"பஞ்சு" என்கிறது ஒரு குரல்.

"தயிர் சாதம்" என்கிறது அடுத்தது.

"ஃப்ரிட்ஜுல மேல் தட்டுல ஒட்டிண்டிருக்குமே, அதானே அக்கா?"

மூன்றாவது பதில்தான் சரி. ஆனால் அதை ஆமோதிக்கத் தமிழ் தடை. அக்கா "வெரி குட்" என்கிறார். மற்ற இருவரும் தங்களுக்கும் சேர்த்துச் சொன்னதாக எடுத்துக்கொள்கிறார்கள்.

இந்த இடத்தில் 'புரிந்ததா?' என்று கேட்பது பெரும் பிழை என்று பயிற்சி நூல்கள் சொல்கின்றன. தமிழ்நாட்டு வகுப்பறையில் அந்தக் கேள்விக்கு ஒரே விடைதான் உண்டு. 'புரிஞ்சுது மிஸ்' என்று ராகத்தோடு, கேள்வி முடியும் முன்பே வரும். அதற்குப் பதில், "இஸ் ஸ்நோ ஹாட் ஆர் கோல்ட்?" என்று பொருளைத் தொட்டுக் கேட்க வேண்டும். தயிர் சாதக்காரர் 'ஹாட்' என்றால், பாடம் எங்கே நிற்கிறது என்பது தெரிந்துவிடும்.

இன்னொரு முறை, அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960-களில் உருவாக்கியது. ஆசிரியர் கட்டளை சொல்லிச் செய்து காட்டுவார். பிள்ளைகள் பார்த்துச் செய்வார்கள். பேசத் தொடங்கும் முன்பே உடலால் மொழி புரியும் என்பது அதன் அடிப்படை. "ஸ்டாண்ட் அப், சிட் டவுன், ஸ்டாண்ட் அப், சிட் டவுன்" என்று வேகமாகச் சொன்னால் எந்த நாட்டுக் குழந்தையும் உற்சாகமாகச் செய்யும். உச்சிப் பிள்ளையார் கோயிலைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நான்காவது முறையில் கைகளைக் குறுக்கே போட்டுக் காதுகளைப் பிடித்துக்கொள்கிறார்கள். முறையில் பிழையில்லை; அதைவிட மூத்த முறை ஒன்று இங்கே முன்பே பாடமாகியிருக்கிறது.

வீட்டாரின் சம்மதமும் ஆயத்தத்தில் அடங்கும். பாட்டியின் ஆட்சேபம் சுருக்கமானது: "ஏண்டிம்மா, இந்த ஊர்ல கொழந்தைகளுக்கா பஞ்சம்?" அப்பாவின் ஆட்சேபம் அதைவிடச் சுருக்கம்: "பி.எட். முடிச்சுட்டுப் போ." பாட்டியின் கேள்விக்குக் கூடத்திலுள்ள முறுக்கு டப்பாவே பதில். அப்பாவின் வாக்கை மறுக்க ஆளில்லை. மாலேயும் சியோலும் கேட்பது ஏறத்தாழ அதைத்தான். தூதரகம் சொன்னால் விதி, அப்பா சொன்னால் தொணதொணப்பு என்பதே வித்தியாசம்.

முடிவாக, வரிசை இது: பெயர்க் குழப்பம் இல்லாத பாஸ்போர்ட் இரண்டாமாண்டில், குழந்தைகள் முன் பழக்கம் அன்றிலிருந்து வாரந்தோறும், பயிற்சிச் சான்றிதழ் மூன்றாமாண்டு விடுமுறையில், காவல்துறைச் சான்றும் அப்போஸ்டிலும் பட்டம் கைக்கு வந்த பின். அரியர் மட்டும் இவை எல்லாவற்றுக்கும் முன்னால்.