பெருமாள் வாங்கின கல்லடி

காதல் நாவலுக்கெல்லாம் மதிப்புரை எழுதப் போறியாமே, கண்ணு? உங்கம்மா சொன்னா. சொல்லும்போது அவ குரலைக் கேக்கணுமே, நீ டாக்டர் சீட்டை வேணாம்னு உதறிட்டு வந்த மாதிரி ஒரு சலிப்பு. அவ கிடக்கறா விடு. காலேஜ் படிக்கறப்ப கணக்குப் புஸ்தகத்துக்குள்ள ராணிமுத்தை வெச்சிக்கினு அவ ராத்திரி முழுக்கக் கணக்கு போட்டதை நான் பார்த்தும் பாக்காம போனவன்.

எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது. மாட்டுக்குத் தண்ணி காட்டி, மாந்தோப்புல காவல் படுத்து வயசானவன். காதல் நாவலை நானா ஒருநாளும் எடுத்ததில்ல. உன் பாட்டிக்குக் கண்ணாடி சரியில்ல, அதனால வாசிச்சுக் காட்டினேன். அவ தூங்கினப்புறமும் நாலு பக்கம் வாசிச்சிருப்பேன். விளக்கு எரியுதே, வீணாப் போவுதேன்னுதான்.

பெரிய பெரிய ஆளுங்க இந்த நாவலுங்களுக்கு எப்படி மதிப்புரை எழுதறாங்கன்னு கவனிச்சு வெச்சிருக்கேன். சுலபமான வேலை. புஸ்தகத்தைப் பிரிக்கவே கூடாது, அட்டை போதும். ரோஜாப்பூ போட்டிருந்தா 'மலினம்'னு எழுது. பொண்ணு படம் போட்டிருந்தா 'வணிகம்'. ரெண்டும் இருந்தா 'சமூகச் சீரழிவு', அதுக்கு மேல பேச்சே இல்ல. அப்புறம் 'பெண்கள் விரும்பிப் படிக்கும்'னு ஒரு வரி சேரு. காச்சல் கண்டிருக்குதுன்னு சொல்ற தொனியில சேரு. கடைசியா, 'முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது'ன்னு முடி. அவ்வளவுதான், நீ விமர்சகர். மேடையில சால்வை போடுவாங்க.

அந்தக் கடைசி வரி இருக்குதே, அதைப் படிச்சாத்தான் எனக்குச் சிரிப்பு பொத்துக்கினு வரும். மாம்பழத்தைக் கடிச்சிட்டு 'ஐயோ, இதுலயும் கொட்டை'ன்னு ஒருத்தன் கூவினா நம்ம தோப்புல அவனை இன்னா பண்ணுவோம்? பங்கனபள்ளியிலயும் கொட்டை, நீலத்துலயும் கொட்டை, கூழ் பேக்டரிக்கு லாரி லாரியா போற தோதாபுரியிலயும் கொட்டை. சதை எப்படி, சாறு எப்படி, நார் உண்டா இல்லியான்னு சொல்லத்தானே உன்னைக் கடிக்கச் சொன்னது?

அமெரிக்காவுல காதல் நாவல் எழுதறவங்களுக்கு ஒரு சங்கம் இருக்குது. அவங்க வெச்ச இலக்கணம் ரெண்டே ரெண்டு: கதைக்கு நடுவுல காதல் இருக்கணும், முடிவு மனசு நிறையற மாதிரி, நம்பிக்கையா இருக்கணும். ரெண்டாவதைச் சட்டமாவே எழுதி வெச்சப்புறம் 'முடிவு தெரிஞ்சு போச்சு'ன்னா என்ன அர்த்தம்? அந்த ஊர்லயே ஜானிஸ் ராட்வேன்னு ஒரு அம்மா, இப்படிப் படிக்கற பொம்பளைங்க கிட்ட உக்காந்து கேட்டு 1984-ல ஒரு புஸ்தகம் போட்டாங்க. ஊர் பேரை ஸ்மித்டன்னு மாத்தி வெச்சாங்க, புஸ்தகக் கடையில எதை வாங்கலாம்னு சொல்ற அம்மாவுக்கு டாட்னு பேர் வெச்சாங்க. அங்கே சில பேரு காசு குடுக்கறதுக்கு முன்னாடியே கடைசிப் பக்கத்தைப் படிச்சுப் பார்த்துடுவாங்களாம், அழ வெச்சிடப் போறானேன்னு. உன் பாட்டியும் என்னை மொதல்ல அதைத்தான் வாசிக்கச் சொல்லுவா. ஸ்மித்டனுக்கும் சித்தூருக்கும் நடுவுல எத்தனை சமுத்திரமோ, பொம்பளைங்க புத்தி ஒண்ணுதான். ஒருவேளை புத்தி அங்கதான் இருக்குதோ என்னவோ.

சரி, இதெல்லாம் வெள்ளைக்காரங்க சமாசாரம். நம்ம பெரியவங்க இன்னா பண்ணாங்க? ஐங்குறுநூறுன்னு ஒண்ணு. அஞ்சு புலவருங்க, ஆளுக்கு நூறு பாட்டு. கபிலர் பங்குக்குக் குறிஞ்சி வந்தது. நூறு பாட்டும் மலை, அருவி, அவன், அவ. ஓரம்போகியாருக்கு மருதம், நூறு பாட்டும் ஊர் சுத்தப் போன புருஷன், கதவைச் சாத்தின பொண்டாட்டி. அகப்பாட்டுல ஆள் பேரே சொல்லக் கூடாதுன்னு தொல்காப்பியர் வேற கட்டுப்பாடு போட்டு வெச்சார். ஆள் பேர் கிடையாது, புதுக் கதை கிடையாது, முடிவு ஊருக்கே தெரியும். 'கபிலர் அரைச்ச மாவையே அரைக்கிறார்'னு எந்தத் தமிழ் வாத்தியாராவது எழுதிப் பார்த்திருக்கியா? எழுத மாட்டாங்க, அது சிலபஸ்ல இருக்குது. அதையே பஸ் ஸ்டாண்டு கடையில கயித்துல கிளிப் மாட்டித் தொங்க விட்டா மட்டும் குத்தம்.

நம்ம ஊர் ஆளுங்களுக்கு ஒரு யோகம் கண்ணு. 1953-ல ஆந்திரா பிரிஞ்சப்ப நாம இந்தப் பக்கம் நின்னுட்டோம், 1960-ல திருத்தணி அந்தப் பக்கம் போச்சு. தலைவருங்க எல்லைக்கு மல்லுக்கட்டினாங்க. உன் பாட்டி ரெண்டு பக்கத்து நாவலையும் விடாம கேட்டா. வேலூர் பஸ்ல வர்ற ரமணிசந்திரன் ஒரு வாரம், யத்தனபூடி சுலோசனாராணி ஒரு வாரம். சுலோசனாராணி அம்மாவோட 'செக்ரட்டரி'யில ராஜசேகரம்னு ஒரு முதலாளி, ஜெயந்தின்னு ஒரு செக்ரட்டரி. அந்தக் காலத்துல ஆந்திராவுல கல்யாணத்துக்கு நின்ன பொண்ணுங்க பாதிப் பேருக்கு ராஜசேகரம் மாதிரி மாப்பிள்ளைதான் வேணும். ஆனா வந்தவன் சைக்கிள்ல வந்தான், பாவம். 1976-ல அது சினிமாவும் ஆச்சு. கோடூரி கௌசல்யாதேவி எழுதின 'பிரேம நகர்' 1971-ல தெலுங்குப் படம், அடுத்த வருஷமே தமிழ்ல 'வசந்த மாளிகை'. சிவாஜி கணேசனுக்காக ஊரே அழுதது. அந்தக் கதை ஒரு பொம்பளை எழுதின காதல் நாவல்னு அழுத ஆம்பளைங்க ஒருத்தனுக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தா கண்ணுல தூசு விழுந்துட்டதுன்னு சொல்லியிருப்பானுங்க.

அதனால நீ 'பணக்கார ஹீரோ, ஏழைப் பொண்ணு, பழைய சூத்திரம்'னு எழுதாதே. சூத்திரம் பழசுதான், அதுக்கென்ன இப்போ. நீ கேக்க வேண்டிய கேள்வி வேற.

நீ படிக்கறதே திருப்பதியில பத்மாவதி அம்மன் பேரால 1983-ல ஆரம்பிச்ச மகளிர் பல்கலைக்கழகம். அந்தம்மா கதையைக் காதல் நாவலா நினைச்சு ஒருதரம் யோசிச்சுப் பாரு. சீனிவாசப் பெருமாள் குதிரையில யானையைத் துரத்திக்கினு வர்றார். தோட்டத்துல பத்மாவதி தோழிங்களோட பூப்பறிக்கறா. யானை எந்தப் பக்கம் போச்சுன்னு அப்புறம் யார் பாக்கறது? ஊர் பேர் விசாரிச்சு, வந்த சூட்டுலயே மனசுல இருக்கறதையும் சொல்லிடறார். ராஜா வீட்டுப் பொண்ணு, தோழிங்க சும்மா இருப்பாளுங்களா? கல்லை எடுத்து விட்டாளுங்க. குதிரை அங்கேயே செத்துப் போச்சு. மூணு லோகத்தையும் அளந்தவர் இன்னா பண்ணார் தெரியுமா? கால்நடையா மலைக்குத் திரும்பிப் போய், சோறு வேணாம்னு படுத்துக்கினார். அவருக்கு அம்மா மாதிரி இருந்த வகுளமாலிகை வந்து என்னடாப்பா உடம்புக்குன்னு விசாரிச்சு, விஷயம் தெரிஞ்சு, பொண்ணு கேக்கக் கிளம்பினா. அது பத்தலைன்னு இவரே குறி சொல்ற பொம்பளையா வேஷம் கட்டிக்கினு பொண்ணோட அப்பா ஆகாசராஜன் அரண்மனைக்குப் போனார்.

மோதல்ல ஆரம்பம், அந்தஸ்து வித்தியாசம், மாறுவேஷம், நடுவுல ஒரு அம்மா. இன்னிக்கு மாசாமாசம் வர்ற நாவல்ல பாதிக்கு இதுதான் சரக்கு. ஆனா ஒண்ணு கவனிச்சியா? கல்லடி பட்டவர் திரும்பிப் போனார்! 'என்னையா அடிச்சே'ன்னு கையைப் பிடிச்சு இழுத்துக்கினு போகல. இப்ப நீ போன்ல படிக்கறியே, ஆன்ட்டி ஹீரோன்னு ஒருத்தன் வர்றான். அவளைக் கடத்திக்கினு போறான், கட்டாயத் தாலி கட்டறான், கன்னத்துல அறையறான், முப்பதாவது அத்தியாயத்துல சின்ன வயசுல அவனுக்கு அம்மா இல்லைன்னு ஒரு காரணம் சொல்றான். படிக்கறவங்க 'பாவம்டா'ன்னு உருகி அஞ்சு நட்சத்திரம் போடறாங்க. அம்மா இல்லாத பசங்க நம்ம தெருவுலயும் இருக்கறானுங்க. ஒருத்தனும் யாரையும் கடத்தல. ஏழுமலையானே வேணாம்னா திரும்பிப் போறார், கம்பெனி முதலாளி என்ன அவரைவிடப் பெரிய ஆளா? இதை நீ மதிப்புரையில கேளு. வெட்கப்படாம, சத்தமா கேளு.

குறிகாரியா வேஷம் போட்டது ஏமாத்து இல்லியான்னு உடனே என்னை மடக்குவே. மடக்கு. அதுவும் எழுத வேண்டிய கேள்விதான், பெருமாளாச்சேன்னு விட்டுக் குடுக்காதே. நான் அர்ச்சனை சீட்டு வாங்கி அவரைச் சமாதானம் பண்ணிக்கறேன்.

இன்னொண்ணு, காசு. புத்தூர்ப் பக்கம் நாராயணவனத்துல கல்யாணம். செலவுக்குக் குபேரன் கிட்ட கடன். அந்த வட்டிக்குத்தான் இன்னும் உண்டியல்ல விழுந்துக்கினே இருக்குதுன்னு நம்ம ஜனம் சொல்லுது. கல்யாணச் செலவை இவ்வளவு நேர்மையா சொன்ன காதல் கதை இன்னொண்ணு காட்டு பாக்கலாம். நம்ம நாவல் ஹீரோவுக்கு முப்பது வயசுல ஏழு கம்பெனி. என்ன வியாபாரம்னு அவனுக்கே தெரியாது, எப்பப் பாத்தாலும் பைலைப் புரட்டறான். ஜி.எஸ்.டி. கட்டறானா, சம்பளம் குடுக்கறானா? ஹீரோயினுக்கு வேலைன்னு ஒண்ணு முதல் அத்தியாயத்துல இருக்குது, தாலி ஏறினதும் காணாமப் போவுது. எங்கே போச்சுன்னு தேடு.

கதை கல்யாணத்தோட முடிஞ்சுதா? அதுவும் இல்ல. அவர் மேல, அந்தம்மா கீழ திருச்சானூர்ல. மகாலட்சுமி கோவிச்சிக்கினு முன்னாடியே கொல்லாபுரம் போனது தனி வழக்கு. இதுல ஊடல் எங்கே, யார் இறங்கி வந்தாங்கன்னு பாத்துக்கினே போகலாம். ஊடல் நியாயமா இருக்கணும் கண்ணு. ஒரு போன் போட்டா தீர்ற சண்டையை முந்நூறு பக்கம் இழுத்தா, அவங்களைப் பிரிச்சது விதி இல்ல, பக்கத்தை நிரப்பணும்னு எழுதினவங்க. ரமணிசந்திரன் நாவல்லயும் தப்பா புரிஞ்சிக்கறது உண்டுதான். ஆனா அந்தப் பொண்ணுக்கு ரோஷம் இருக்கும், வாயைத் திறந்து கேக்க அந்த ரோஷம் விடாது. அது ஒரு காரணம். போன்ல சார்ஜ் இல்லைங்கறது காரணமா?

எழுதினவளை விட்டுட்டு எழுத்தைப் பாரு. இதுல பெரிய மனுஷங்களே சறுக்கியிருக்காங்க. தஞ்சாவூர் அரண்மனையில முத்துப்பழனின்னு ஒரு அம்மா, 18-ஆம் நூற்றாண்டுல, தெலுங்குல 'ராதிகா சாந்த்வனம்' எழுதினாங்க. கோபத்துல இருக்கற ராதையைக் கிருஷ்ணன் சமாதானம் பண்ற கதை, முழுக்க ஊடல்தான். கந்துகூரி வீரேசலிங்கம் பந்துலு, விதவை மறுமணத்துக்குப் போராடின பெரியவர், அதைப் பார்த்துட்டு, பொம்பளை காதால கேக்கக் கூடாத விஷயத்தைப் பொம்பளையே எழுதலாமான்னு முகத்தைச் சுளிச்சார். பெங்களூர் நாகரத்தினம்மா விடல. 1910-ல முழுப் புஸ்தகத்தையும் அச்சுல கொண்டாந்து, வெக்கம் மானமெல்லாம் பொம்பளைங்களுக்கு மட்டும்தானா, ஆம்பளைங்களுக்கு இல்லியான்னு முன்னுரையிலயே கேட்டாங்க. திருவையாத்துல தியாகராஜர் சமாதியில கோயில் கட்டினாங்களே, அதே அம்மாதான். புஸ்தகத்துக்கு வெள்ளைக்காரன் தடை போட்டான். பிரகாசம் பந்துலு மதராஸ்ல பதவிக்கு வந்தப்புறம்தான் தடை நீங்கினது. வீரேசலிங்கம் கிட்ட இல்லாத படிப்பா? ஆனா அன்னிக்கு நல்ல மதிப்புரை எழுதினது நாகரத்தினம்மா.

கடைசியா உனக்கு நிஜமாவே வரப்போற தொல்லை ஒண்ணு இருக்குது. இப்ப தெருவுக்கு ரெண்டு பேரு நாவல் எழுதறாங்க. எதிர் வீட்டு அக்கா எழுதுது, உங்க லெக்சரர் எழுதறாங்க. 'எனக்கும் ஒண்ணு எழுதேன், நல்லதா'ன்னு கேப்பாங்க. தாள்ளபாக்கம் அன்னமய்யாவுக்கும் இதேதான் நடந்தது. பெருமாள் மேலயும் தாயார் மேலயும் சிருங்காரப் பாட்டா பாடித் தள்ளின மனுஷன். கேட்ட சாளுவ நரசிம்ம ராயருக்கு ஆசை வந்துட்டது: 'என் மேலயும் அப்படி ஒண்ணு பாடேன்.' அன்னமய்யா முடியாதுன்னுட்டார். சங்கிலி போட்டு உள்ள தள்ளினாங்க, பாடினதும் சங்கிலி கழண்டு விழுந்ததுன்னு கதை. அவர் பாட்டு ஆயிரக்கணக்குல செப்பேட்டுல இன்னும் இருக்குது. ராயர் கேட்ட பாட்டு எங்கேயும் இல்ல.

உனக்குச் சங்கிலியெல்லாம் போட மாட்டாங்க. மிஞ்சிப் போனா எதிர் வீட்டு அக்கா நவராத்திரி கொலுவுக்கு உன்னைக் கூப்பிடாது. சுண்டல் போனா போவட்டும், நான் பஜார்ல வாங்கித் தர்றேன். ஆனா அந்த அக்கா நாவலை மட்டும் திருப்பிக் குடுக்கறதுக்கு முன்னாடி இங்க ரெண்டு நாள் வெச்சிட்டுப் போ. பாட்டி கேட்டா.