போய்ச் சேராமல் காக்கும் தொழில்: ஆல்ப்ஸ் மோட்டார் சைக்கிள் சுற்றுலா குறித்த ஓர் ஆய்வு

பயணம் என்பது ஓரிடத்தில் புறப்பட்டு வேறோர் இடத்துக்குப் போய்ச் சேர்வது என்று இலக்கணம் சொல்வோர் உண்டு. மாட்டுவண்டிக்கும் விமானத்துக்கும் ஒருங்கே பொருந்தும் இந்த இலக்கணம், ஆல்ப்ஸ் மலையில் கோடைதோறும் நடக்கும் வழிகாட்டியுடன் கூடிய மோட்டார் சைக்கிள் சுற்றுலாவிடம் தோற்றுப்போகிறது. எட்டுப் பத்துப் பேர், ஆளுக்கொரு கனத்த வண்டி, முன்னால் ஒரு வழிகாட்டி, பெட்டிகளைச் சுமந்து தனியாக வரும் ஒரு வேன். காலையில் விடுதியிலிருந்து கிளம்பி, நாள் முழுக்க மூன்று நான்கு கணவாய்களில் ஏறி இறங்கி, மாலையில் வரைபடத்தில் பக்கத்திலேயே இருக்கும் இன்னொரு விடுதிக்கு வருகிறார்கள். பல நாட்களில் கிளம்பிய விடுதிக்கே வந்து சேர்கிறார்கள். இதற்காகக் கொடுக்கும் பணத்தில் அந்தக் கண்டம் முழுவதையும் ரயிலிலேயே சுற்றி வந்துவிடலாம். எனில் அந்தப் பணம் எதற்கு விலை? இக்கட்டுரையின் துணிபு சுருக்கமானது: இங்கே விலைபோகும் சரக்கு வளைவு ஒன்றே, வழிகாட்டியின் வேலை, வாடிக்கையாளர் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வது.

முதற்சான்று மண்ணுக்கு அடியில் இருக்கிறது. 1964-இல் பெரிய செயின்ட் பெர்னார்டு கணவாய்க்குக் கீழே வாகனச் சுரங்கம் திறந்தது. மறு ஆண்டு மோன்ட் பிளாங்க், 1967-இல் சான் பெர்னார்டினோ, 1978-இல் ஆர்ல்பெர்க். 1980 ஜூலையில் பிரான்சுக்கும் இத்தாலிக்கும் நடுவே ஃபிரேஜூஸ் சுரங்கமும், அதே ஆண்டு செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் 16.9 கிலோமீட்டர் கோத்ஹார்டு சுரங்கமும் திறந்தன. மலை மேல் ஏறாமலேயே மலையைக் கடக்கும் வசதி இப்படி நிறைவுற்ற அதே 1980-இல்தான், ஆஸ்திரியாவின் திரோல் மாநிலத்தில், பின்னாளில் இத்துறையில் பெரும்பெயர் பெற்ற எடெல்வைஸ் பைக் டிராவல் நிறுவனம் தொடங்கியது. ஓராண்டில் நிகழ்ந்த இரண்டில் ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடுமா என்று தருக்க நூலார் கேட்பர். ஆகாது, ஆனால் இரண்டையும் கட்டும் கயிறு ஒன்று உண்டு. லாரி ஏறும் வரை கொண்டை ஊசி வளைவு ஒரு தொல்லை. லாரி சுரங்கத்துக்குள் போன மறுநாள் அது ஆளில்லாச் சொத்து. ஆளில்லாச் சொத்தை யாராவது எடுத்து விற்பது உலக வழக்கம். கோத்ஹார்டையே பாருங்கள். 2016-இல் திறந்த 57 கிலோமீட்டர் அடிவார ரயில் சுரங்கத்தில் ஏறத்தாழ இருபது நிமிடத்தில் மலையைத் தாண்டலாம். 1882-ஆம் ஆண்டின் பழைய ரயில் சுரங்கம் இருக்கிறது, வாகனச் சுரங்கம் இருக்கிறது, கணவாய்க்கு மேலே நல்ல தார்ச்சாலையும் இருக்கிறது. இத்தனையும் இருக்க, வழிகாட்டி தம் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு போவது திரெமோலா என்னும் பழைய கற்பாவிய சாலைக்கு. 24 கொண்டை ஊசி வளைவுகள். மழை பெய்தால் கருங்கல்லில் டயர் வழுக்கும். உள்ளவற்றில் மிக மோசமான வழியைத் தேடிப் பிடிப்பதற்குக் கூலி கொடுக்கிறார்கள் என்றால், அவர்கள் வாங்குவது வழியாக இருக்க முடியாது.

இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாயின் வரலாறு இன்னும் தெளிவானது. நெப்போலியன் வீழ்ந்தபின் லொம்பார்டி ஆஸ்திரியப் பேரரசின் கைக்கு வந்தது. மிலானை வியன்னாவோடு இணைக்க ஒரு சாலை வேண்டும் என்று பேரரசர் விரும்ப, பொறியாளர் கார்லோ டோனெகானி 1820 முதல் 1825 வரை பாடுபட்டு 2757 மீட்டர் உயரத்துக்குச் சாலை ஏற்றினார். 1859-இல் லொம்பார்டி பேரரசின் கையை விட்டுப் போயிற்று. 34 ஆண்டுகளில் சாலைக்கான காரணம் செத்துவிட்டது. சாலை மட்டும் இன்றுவரை நெரிசலோடு உயிர் வாழ்கிறது. மாறாக, 1370 மீட்டர் உயரமே உள்ள பிரென்னர் கணவாயில் லாரிகள் சாரிசாரியாகப் போகின்றன. அது பயனுள்ள கணவாய். ஆகவே சுற்றுலா அட்டவணைகள் அதைப் பெரும்பாலும் சீண்டுவதில்லை. ஸ்டெல்வியோவின் வடக்குப் பக்கத்தில், பிராட்டோவிலிருந்து ஏறும் 48 வளைவுகளுக்கும் எண்பலகை உண்டு. கீழே 48, உச்சிக்கு அருகே 1. எண்கள் ஏன் இறங்குமுகமாக இருக்கின்றன என்பது ஆராயத்தக்கது. ஏறுவோர்க்கு எத்தனை முடிந்தது என்று அந்தப் பலகை சொல்வதில்லை, எத்தனை மிச்சம் இருக்கிறது என்றுதான் சொல்கிறது. மளிகைக் கடையில் சரக்கு இருப்பு எழுதும் முறையும் இதுவே. உச்சியில் இருப்பு பூச்சியம். அங்கே செய்வதற்கு ஒன்றும் இல்லை என்பதைப் பயணிகளின் நடத்தையே காட்டுகிறது: ரொட்டிக்குள் வைத்த சாசேஜ் ஒன்றைத் தின்கிறார்கள், ஒரு ஸ்டிக்கர் வாங்குகிறார்கள், கணவாயின் பெயர்ப்பலகையில் அதை ஒட்டுகிறார்கள், உடனே மறுபக்கம் இறங்குகிறார்கள். ஆல்ப்ஸ் கணவாய்களின் பலகைகள் பலவற்றில் ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் ஒட்டி உயரத்தைப் படிக்கவே முடியாது. எவ்வளவு உயரம் ஏறினோம் என்ற தகவலை ஏறியவர்களே அழித்துவிட்டார்கள் எனின், உயரம் அவர்களுக்குப் பொருட்டல்ல என்பது பெறப்படும்.

பழைய சாலைகளுக்குக் காரணம் ஒருகாலத்தில் இருந்து பின்னர் செத்தது. காரணமே இல்லாமல் பிறந்த சாலைகளும் உண்டு. ஆய்வாளருக்கு அவையே விருந்து. பிரான்சின் தென்கிழக்கில் பொனெட் என்றொரு கணவாய், உயரம் 2715 மீட்டர். அதே நாட்டின் இஸ்ரான் கணவாய் அதைவிட ஐம்பது மீட்டர் அளவுக்கு உயரம். அதனால் என்ன, பொனெட்டில் கணவாயைத் தொட்ட பிறகு சாலை மேலே கிளம்பி, சிகரத்தை ஒரு பிரதட்சிணம் செய்து 2802 மீட்டரைத் தொட்டுவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுகிறது. அந்தச் சுற்றில் ஊரும் இல்லை, வீடும் இல்லை. ஆஸ்திரியாவின் குரோஸ்குளோக்னர் சாலை இதற்கு அண்ணன். ஃபிரான்ஸ் வாலாக் என்னும் பொறியாளர் 1930-இல் வேலை தொடங்கி 1935-இல் திறந்த இந்த 48 கிலோமீட்டர் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். கட்டணம் கட்டித்தான் நுழைய வேண்டும். குளிர்காலத்தில் பனி மூடிவிடும். இரவில் கதவையும் சாத்திவிடுவார்கள். அதன் கிளைகள் இரண்டும் பாறையில் முட்டி நிற்கின்றன: ஒன்று 2571 மீட்டரில் ஒரு காட்சிமேட்டில், மற்றொன்று பனியாற்றைப் பார்க்கும் மேடையில். வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய காலத்தில் ஆயிரக்கணக்கானோருக்குக் கூலி கொடுத்ததே அதன் பயன் என்பர். உண்மை. ஆனால் அந்தப் பயன் கட்டி முடித்த அன்றே தீர்ந்தது. அதற்குப் பிறகு மிஞ்சியது வளைவும் சுங்கச்சாவடியும்.

இனி வழிகாட்டி. சுவிட்சர்லாந்தின் ஆண்டர்மாட்டிலிருந்து கிளம்பி ஃபுர்கா, கிரிம்செல், சுஸ்டன் என்ற மூன்று கணவாய்களைச் சுற்றி ஆண்டர்மாட்டுக்கே திரும்பும் வட்டம் இத்தொழிலின் பாடநூல் உதாரணம். டோலோமைட் மலையில் செல்லா என்ற ஒற்றைப் பாறைக் கூட்டத்தை நான்கு கணவாய்கள் வழியாகச் சுற்றிவருவது அதன் சிறிய பதிப்பு. ஆண்டர்மாட்டிலிருந்து ஆண்டர்மாட்டுக்குப் போக மிகக் குறுகிய வழி, கிளம்பாமல் இருப்பது. ஆகவே வழியறியாமை இங்கே பிரச்சினை ஆகாது. அப்படியிருந்தும் வழிகாட்டி படும் பாடு கொஞ்சமல்ல. வேகம் குறைந்தவரைத் தமக்கு நேர் பின்னால் வைத்துக்கொள்கிறார். திருப்பம் வந்தால் இரண்டாமவரை அங்கேயே நிறுத்திவிட்டுப் போகிறார். நின்றவர் கடைசி ஆள் வரும் வரை காத்திருந்து, எல்லாருக்கும் கைகாட்டிவிட்டு வரிசையின் கடையில் சேர்ந்துகொள்கிறார். இப்படியே சுழன்று ஒவ்வொருவரும் ஒருமுறை கைகாட்டி மரமாக நிற்க வேண்டும். இந்த ஏற்பாட்டின் சிறப்பு, யாரும் தொலைந்துபோகாததோடு யாரும் முந்திப்போகாததும்தான். நேர்வழியில் நழுவி மூன்று மணிக்கே விடுதியில் போய்ப் படுத்துக்கொள்ளும் சுதந்திரத்தை அது மெல்லப் பறித்துவிடுகிறது.

காட்சிக்காகத்தான் போகிறார்கள் என்பது முதல் மறுப்பு. இதைச் சொல்வோர் கொண்டை ஊசி வளைவில் வண்டியைத் திருப்பிப் பார்த்ததில்லை என்று கருத இடமுண்டு. வலப்பக்கம் போகும் நாடுகளில் வலது வளைவுதான் குறுகல். மேலேறும்போது அதைத் திருப்ப முதல் கியருக்கு இறங்கி, கிளட்சைப் பாதி பிடித்து, பின்பிரேக்கை லேசாக அழுத்தி, தலையைத் தோளுக்கு மேலாகத் திருப்பி, வளைவு முடியும் இடத்தையே பார்த்தாக வேண்டும். கண் போகும் இடத்துக்கு வண்டி போகும். பள்ளத்தாக்கின் அழகைப் பார்த்தால் பள்ளத்தாக்குக்கே போகும். மிச்ச நேரமெல்லாம் பார்வை தரையில்: சரளை, மாட்டுச் சாணம், விரிசலை அடைத்த தார்ப்பட்டை, யாரோ சிந்திய டீசல். பனிச்சிகரத்தைப் பார்க்க ஆசைப்பட்டவர் மஞ்சள் நிற அஞ்சல் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். ஆக, காட்சி என்பது வண்டியை நிறுத்தினால் மட்டும் கிடைக்கும் உபரி.

இரண்டாவது மறுப்பு நம் பக்கத்திலிருந்து வரும்: கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றனவே, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 இருக்கின்றனவே, அவற்றை யாரும் விற்கவில்லையே? விற்கவில்லை, ஏனெனில் அவை இன்னும் வேலையில் இருக்கின்றன. மேலே ஊர் இருக்கிறது. அடியில் சுரங்கம் இல்லை. அரசுப் பேருந்தில் மிளகு மூட்டையோடு இறங்கி வருபவருக்கு வளைவு என்றால் வாந்தி. வளைவு சரக்காக மாற வேண்டுமானால் முதலில் அது தேவையற்றதாக வேண்டும் என்ற நம் கோட்பாட்டை இந்த எதிர்ச்சான்று உறுதியே செய்கிறது.

நெடுஞ்சாலையைத் தவிர்த்து வளைந்த பாதையாகப் பார்த்துத் தரும் கருவிகள் வந்துவிட்டனவே, இனி வழிகாட்டி எதற்கு என்பது மூன்றாவது. இது கனமான கேள்விதான். கருவி வளைவைக் காட்டும். ஆனால் நனைந்த கையுறையோடு மூன்றாவது கணவாயின் அடிவாரத்தில் நிற்கும் மனிதன், சுரங்கம் எந்தப் பக்கம் என்று கேட்டால் அதையும் காட்டிவிடும். வழிகாட்டி காட்டமாட்டார். தவிர, சுவிஸ் மலை அஞ்சல் சாலைகளில் பேருந்து ஓட்டுநர் சொல்வதே சட்டம். அவர் ஒதுங்கச் சொன்னால் ஒதுங்க வேண்டும். ரோசினியின் வில்லியம் டெல் இசையிலிருந்து எடுத்த மூன்று சுரங்களில் அந்தப் பேருந்தின் ஹாரன் வளைவுக்கு அப்பாலிருந்து கேட்கும்போது, வலது ஓரத்தில் எங்கே நிற்க இடம் இருக்கிறது என்பது பலமுறை போய்வந்தவருக்குத்தான் தெரியும்.

நம் துணிபுக்கு இனி யாராலும் மறுக்க முடியாத பொருட்சான்று ஒன்று உண்டு: பின்சக்கர டயர். நேர்சாலையில் ஓடும் டயர் நடுவில் தேய்ந்து தட்டையாகும், ஓரங்கள் புதிதாகவே இருக்கும். வளைவில் சாய்ந்து ஓடினால் ஓரம் தேயும். சாயப் பயந்தவரின் டயரில் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குத் தேயாத பட்டை மிஞ்சும். ஜெர்மானியர் அதை அச்சப் பட்டை என்றே அழைக்கிறார்கள். மாலையில் விடுதி முற்றத்தில் பியர் குவளையோடு உலாவும் சுற்றுலாக்காரர், தம் வண்டியைத் துடைப்பது போலப் பக்கத்து வண்டியின் டயரை ஓரக்கண்ணால் பார்ப்பதை எவரும் கவனிக்கலாம். அன்றைக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதை அவர்கள் தூரமானியில் தேடுவதில்லை. வாங்கிய சரக்கு எங்கே பதிவாகியிருக்கிறதோ அங்கே பார்க்கிறார்கள்.

கடைசி மறுப்பு அடிவாரத்துக் கிராமங்களுடையது, அதில் நியாயம் இருக்கிறது. வளைவை வாங்குபவர் விலை கொடுக்கிறார். சத்தத்தைக் கேட்பவர் கேளாமலேயே பெறுகிறார். ஒவ்வொரு வளைவிலிருந்தும் வெளியேற ஆக்சிலரேட்டரைத் திருகியாக வேண்டும் என்பதால், 48 வளைவென்றால் 48 உறுமல். திரோலின் ராய்ட்டே மாவட்டம் 2020 ஜூன் 10 முதல், வண்டிப் பதிவுச் சான்றில் நின்ற நிலை ஒலி 95 டெசிபலுக்கு மேல் என்று குறித்திருக்கும் மோட்டார் சைக்கிள்களைக் கோடைக்காலத்தில் சில சாலைகளில் தடை செய்தது. எவ்வளவு மெதுவாக உருட்டிக்கொண்டு போனாலும் சான்றில் உள்ள எண்ணே எண். ஓட்டிகள் கொதித்தார்கள். இக்கோட்பாட்டின்படி அவர்கள் கொதித்திருக்க வேண்டியதில்லை. அடைபட்ட சாலைக்குப் பதிலாக வழிகாட்டி பிடிக்கும் சுற்றுவழி இன்னும் நீளம், இன்னும் கோணல். வாடிக்கையாளருக்கு அதே விலையில் கூடுதல் சரக்கு. நஷ்டப்படுபவர்கள் அந்தச் சுற்றுவழியில் குடியிருப்பவர்கள். அவர்கள் மனு எழுத ஆரம்பித்தால் அடுத்த சுற்றுவழி எங்கே போகும் என்பதைக் கணக்கிட வரைபடமும் ஒரு நூலும் போதும்; வழிகாட்டி இந்நேரம் கணக்கிட்டிருப்பார்.