நெய் பூசிய வேல்

ரிப்பன் மாளிகையில் இருக்கும் மாநகராட்சிப் பெரியவர்களுக்கு வடசென்னையிலிருந்து ஒரு பாராட்டு. 2025 டிசம்பர் 20 முதல் பிட்புல், ராட்வெய்லர் ஆகிய இரண்டு இன நாய்களுக்கும் சென்னையில் புதிதாக உரிமம் கிடையாது என்றீர்கள். மீறி வாங்கி வளர்த்தால் 1 லட்சம் ரூபாய் அபராதம். முன்பே உரிமம் வாங்கிய நாய்கள் வெளியே வரும்போது கழுத்தில் கயிறும் வாயில் மூடியும் இருக்க வேண்டும். இதைவிடத் தெளிவாக ஒரு தடையை எழுதிவிட முடியாது. இரண்டே பெயர்கள். கல்மண்டபத்தில் பஸ் ஏறுகிறவர் திருவொற்றியூர் தேரடியில் இறங்குவதற்குள் மனப்பாடம் செய்துவிடுவார்.

இந்தத் தடையின் மென்மையையும் சொல்ல வேண்டும். 2023 நவம்பர் 21 அன்று ராயபுரம் ஜி.ஏ. ரோட்டில் ஒரே நாய் 25 பேருக்கு மேல் கடித்தது. எதிரே வந்தவர், கடை வாசலில் நின்றவர் என்று பார்க்காமல் ஓடிக்கொண்டே கடித்தது. கடிபட்டவர்கள் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். ஜனங்கள் அந்த நாயை அடித்தே கொன்றார்கள். அதற்கு வெறிநோய் இருந்தது என்று பிறகு பரிசோதனை சொன்னது. அது தெருவில் பிறந்து தெருவில் வளர்ந்த நாய். இன்றைய தடை அன்றே இருந்திருந்தாலும் அந்த நாயின் ஒரு மயிருக்கும் கேடு வந்திருக்காது. அதைத் தடுத்திருக்கக்கூடியது ஒரு ஊசி. உரிய காலத்தில் போட்ட ஒரே ஒரு ஊசி.

வீட்டு நாயையும் தெரு நாயையும் ஏன் முடிச்சுப் போடுகிறாய் என்று கேட்பீர்கள். வீட்டு நாய்க்கே வருகிறேன். 2024 மே மாதம் ஆயிரம் விளக்கில் மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வெய்லர்கள் காவலாளியின் 5 வயது மகளைக் குதறின. அந்தக் குழந்தையின் தலைக்காயத்தை நினைக்கும்போது எந்த நாய் மேலும் எனக்கு வாஞ்சை வருவதில்லை. 2025 ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் கடித்து ஒருவர் செத்தே போனார். பெரிய தாடை கடித்தால் காயம் ஆழமாகத்தான் இறங்கும். அதை மறுப்பவன் நாயை அறியாதவன். ஆனால் அன்று பூங்காவில் இல்லாமற்போனவை இரண்டு கயிறும் இரண்டு வாய்மூடியும், அவற்றைப் பிடித்திருக்க வேண்டிய ஒரு கையும். அந்தக் கைக்கு உங்கள் தடை காட்டும் பெருந்தன்மை பெரிது. அது நாளைக்கே போய்ப் பட்டியலில் இல்லாத ஒரு முரட்டு நாயை வாங்கி, கயிறு இல்லாமல் அதே பூங்காவுக்குக் கூட்டிவரலாம். நாயின் பெயர் மாறியிருப்பதால் 1 லட்ச ரூபாய் தப்பிவிடும்.

டெல்லியின் பட்டியலோடு ஒப்பிட்டால் உங்கள் அடக்கம் இன்னும் நன்றாகத் தெரியும். 2024 மார்ச் 12 தேதியிட்ட மத்திய கால்நடைத் துறைக் கடிதம் 23 வகை நாய்களைத் தடுக்கச் சொன்னது. டோர்ன்யாக், ஷார்ப்ளானினாட்ஸ், அக்பாஷ் என்று மணலியிலும் எர்ணாவூரிலும் யாரும் கண்டிராத நாய்களையெல்லாம் அது மறக்கவில்லை. ஜப்பானின் டோசா தப்பிவிடக்கூடாது என்றோ என்னவோ, அதை இரண்டு இடத்தில் எழுதியிருந்தது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தக் கடிதத்தை ரத்து செய்தது. மே மாதம் பூங்காச் சம்பவத்துக்குப் பிறகு தமிழக அரசு அதே 23 பெயர்களோடு ஒரு தடை போட்டு, போட்ட சூட்டோடு திரும்பவும் பெற்றது. பிறந்த வேகத்திலேயே போய்விட்டதால் அந்தத் தடையால் எந்த நாயும் பட்டினி கிடக்கவில்லை, யாரும் நள்ளிரவில் நாயை பீச் ரோட்டில் இறக்கிவிட்டு வண்டியைக் கிளப்பவில்லை. தடைகளிலேயே தீங்கு குறைந்த தடை அதுதான் என்பேன்.

பிரிட்டன் இந்த வழியில் நமக்கு மூத்தது. 1991இல் நான்கு வகை நாய்களைத் தடுத்தார்கள். கடி நிற்கவில்லை. 32 ஆண்டு பொறுத்து எக்ஸ்எல் புல்லியை ஐந்தாவதாகச் சேர்த்தார்கள். நெதர்லாந்து பிட்புல் தடையைப் 15 ஆண்டு வைத்துப் பார்த்தது. கடி குறையவில்லை என்று 2008இல் கைவிட்டது. கனடாவின் கால்கரி நகரம் நாயின் சாதி கேட்பதில்லை. உரிமம் எடுத்தாயா, அவிழ்த்துவிட்டாயா, கடிக்கவிட்டாயா என்று வளர்ப்பவரைத்தான் கேட்கிறது. 18,000 நாய்களுக்கு மேல் ஆராய்ந்து 2022இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு, ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் நடத்தையில் உள்ள வேறுபாட்டில் இனத்தின் பங்கு 9 விழுக்காடுதான் என்றது. மற்றதெல்லாம் அந்தந்த நாயின் பிறவிக்கூறும், அது வளர்ந்த இடமும், வளர்த்த விதமும்.

இது தொண்டை மண்டலம். அதியமானுக்குத் தூதாக ஔவை வந்து தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்ததாகப் புறநானூறு சொல்லும். இங்கே வேல்கள் பீலி சூடி, மாலை போட்டு, நெய் பூசிக் காவலில் இருக்கின்றன. அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்றாள். அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. நானும் பொய் சொல்ல வரவில்லை. உங்கள் தடை பளபளப்பாக இருக்கிறது, முனை மழுங்கவில்லை.

முனை மழுங்கியவை உங்களிடமே இருக்கின்றன, அவற்றை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். நாய்களைக் கொன்று குவித்த வழக்கத்தை விட்டு 1996இல் கருத்தடைக்கு மாறிய ஊர் இது. நாய் பிடிக்கும் வண்டியில் கிழிந்து கிழிந்து தைத்த வலை இருக்கிறது. புளியந்தோப்பு மையத்தின் அறுவை மேசை இருக்கிறது. 2024 கணக்கெடுப்பில் 1.8 லட்சம் தெருநாய்கள் என்று தெரிந்த பிறகு, தெருத்தெருவாக ஊசியோடு நடக்கும் ஊழியர்களின் தேய்ந்த செருப்பு இருக்கிறது. செல்லப்பிராணி உரிமத்துக்கு வெறும் 50 ரூபாய் வைத்ததும், எடுக்காதவருக்கு 5,000 ரூபாய் அபராதம் வைத்ததும், மைக்ரோசிப்பைக் கட்டாயமாக்கியதும் நீங்கள்தான். தோலுக்கடியில் அரிசி அளவு சிப் இருந்தால், கடித்த நாய் யாருடையது என்பதில் வழக்கே இல்லை. பிட்புல்லா பொமரேனியனா என்று அது பார்ப்பதில்லை. நாயைக் கைவிட்டு ஓடியவரையும் அது காட்டிக்கொடுக்கும். சண்டை போட இந்த வேல் போதும்.

எண்ணூர் போகிற வழியில், டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும் ஒரு கன்டெய்னர் யார்டு. வாசலில் கறுப்பும் பழுப்புமாக ஒரு நாய் நாலடிச் சங்கிலியில் கட்டிக் கிடக்கிறது. அதன் பொறுமையைப் போல் நான் எங்கும் கண்டதில்லை. நாளெல்லாம் தூசி, ஹாரன், தகரம் மோதும் சத்தம். தண்ணீர்ச் சட்டி வெயிலில். அப்படியும் சோறு கொண்டுவரும் கையை நக்குகிறது. அந்த முதலாளியும் கஞ்சர் இல்லை. கழுத்துப் பட்டை அசல் தோல், பித்தளைக் குமிழ் பதித்தது.

"என்ன சாதி நாய் இது?" என்று வாட்ச்மேனிடம் கேட்டேன்.

"வாங்கசொல்ல ராட்வெய்லர்னு சொல்லித்தான் ஓனர்கிட்ட காசு வாங்குனாங்க சார். யாருனா லைசென்ஸ் கேட்டு வந்தா நாட்டு நாய்னு சொல்லச் சொல்லிக்கிறாரு."

"பகல்லயாவது அவிழ்த்துவிட மாட்டாங்களா?"

"வண்டி வந்துனே கீதே சார். அவுத்தா ஒண்ணு அது அடிபடும், இல்ல எவனையாச்சும் கடிக்கும்."

ஊசி போட்டாயிற்றா என்றேன். சட்டைப் பையிலிருந்து மடித்து மடித்து நைந்துபோன ஒரு சீட்டை எடுத்துக் காட்டினார். வெறிநோய்த் தடுப்பூசி, தேதி, டாக்டர் கையெழுத்து. கூட்டிப்போனது அவர்தான், கொடுத்த காசும் அவருடையது.

"நைட்டு பன்னெண்டுக்கு மேல ரோடு கொஞ்சம் காலியாவும் சார். அப்ப ஒரு ரவுண்டு இட்டுனு போவேன். வாய்க்கு மூடி போட்டுத்தான். கயித்த ரெண்டு சுத்து கையில சுத்திக்குவேன். நான் உட்டாத்தான அது போவும்?"