ஃப்ரீசர் மேனேஜர்

வங்கியில் 35 வருடம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்ற ஒருவரை ஆறு மாத விசாவில் அமெரிக்காவுக்கு அழைத்தால், முதல் வாரம் தூங்குவார். இரண்டாவது வாரம் நயாகரா பார்ப்பார். மூன்றாவது வாரம் அவர் கண்ணில் ஃப்ரீசர் படும். அதற்குப் பிறகு அவரை யாராலும் பிடிக்க முடியாது.

நியூஜெர்சியின் எடிசன் பக்கம் இந்த ரகத்து மாமாக்கள் தெருவுக்கு ஒருவராவது தேறுவார்கள். கார் ஓட்ட லைசென்ஸ் கிடையாது. மகனும் மருமகளும் வேலைக்கு, பேத்தி பள்ளிக்கு, டிவி ரிமோட் மாமியிடம். அதிகாரம் செலுத்திப் பழகிய மனுஷன் எதன் மேல்தான் அதிகாரம் செலுத்துவார்?

நான் சொல்லும் மாமா நங்கநல்லூர்க்காரர். அங்கே இருந்தவரை ஃப்ரீசர் என்பது ஐஸ் கட்டிக்கு என்று நினைத்திருந்தவர். நேற்று வைத்த சாம்பாரை இன்று பரிமாறினால் தட்டை ஓர் அங்குலம் நகர்த்திவைப்பார். அப்படிப்பட்டவர் மகன் வீட்டு கராஜில் ஆளுயரத்துக்கு நின்ற தனி ஃப்ரீசரைத் திறந்தார். துருவிய தேங்காய், நறுக்கிய முருங்கைக்காய், உரித்த சின்ன வெங்காயம், மலபார் பரோட்டா. அடியில் வரிசையாகத் தயிர் டப்பாக்கள், ஒன்றிலும் தயிர் இல்லை.

"இதுல என்னம்மா இருக்கு?"

"ரசமா இருக்கும் மாமா."

"இருக்கும்னா? என்ன சரக்குன்னே தெரியாம ஸ்ட்ராங் ரூம்ல வைக்கலாமா?"

அன்று மாலை மாமா ஒரு லெட்ஜர் போட்டார்.

அவருக்கு உண்மையான சோதனை லசானியாதான். மருமகள் மாதம் இரண்டு ஞாயிறு அதைச் செய்வாள். அடுக்கடுக்காகப் பாஸ்தா தகடு, நடுவே தக்காளி சாஸ், ரிக்கோட்டாவுக்குப் பதில் உதிர்த்த பனீரும் கீரையும், மேலே சீஸ். ஒரு தட்டு அன்று ராத்திரிக்கு, இன்னொன்று ஃப்ரீசருக்கு. இட்லியைக் கண்டால் முகம் சுளிக்கும் பேத்தி, இதைக் கண்டால் கூப்பிடாமலே வந்து உட்காருவாள். மாமா ஒரு வாய் தொடமாட்டார். "மைதாவும் சீஸும். எனக்கு ஆகாது" என்பார். அதனால் என்ன, கல்லாவில் இருக்கிற பணமெல்லாம் கேஷியருடையதா?

தட்டு ஓவனிலிருந்து வெளியே வந்ததும் மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வார். சமைத்ததை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது அமெரிக்க வேளாண்மைத் துறையின் விதி. 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிகள் குடும்பம் பெருக்குகின்றன. அந்தச் சுற்றறிக்கையை மகனின் பிரிண்டரில் எடுத்து, சிவப்பு மையால் அடிக்கோடு போட்டு, ஃப்ரீசர் கதவில் ஒட்டியிருந்தார்.

"ரொம்ப சூடா இருக்கு மாமா, ஆறட்டும்."

"ஆறட்டும், ஊசக் கூடாது. ஒரு மணி நாப்பது நிமிஷம் ஆச்சு."

தட்டை அப்படியே விட்டால் மேலே ஆறினாலும் நடுவில் கொதித்துக்கொண்டேதான் இருக்கும். எனவே மாமா ஸ்கேல் வைத்துப் பன்னிரண்டு துண்டு போடுவார். துண்டுகளைத் தள்ளித்தள்ளிப் பரப்புவார். சீக்கிரம் ஆறும், சீக்கிரம் உறையும், வேண்டியதை மட்டும் எடுக்கலாம். இதில் அவரைக் குறை சொல்லவே முடியாது. விதிகள் எல்லாவற்றிலும் அவர் சரிதான். அதுதான் வீட்டாருக்குப் பெரிய தொந்தரவு.

சுற்றி வைப்பதிலும் ஒரு வழக்கு விசாரணை நடந்தது. அலுமினியத் தாளில் நேராகச் சுற்றிய ஒரு துண்டில், தாள் ஊசி குத்தியதுபோல ஓட்டை ஓட்டையாக இருந்தது. மாமா அதை வெளிச்சத்தில் பிடித்து, போலிக் கையெழுத்தை ஆராய்வதுபோல ஆராய்ந்தார். குற்றவாளி தக்காளிப் புளிப்பு. அது அலுமினியத்தை அரிக்கும். அன்றிலிருந்து உள்ளே பட்டர் பேப்பர், வெளியே அலுமினியத் தாள், அதற்கும் வெளியே ஜிப் பை. பையில் இருக்கும் காற்றை உள்ளங்கையால் நீவி வெளியேற்றுவார். காற்று தங்கினால் ஈரம் போய் வெள்ளை வெள்ளையாகக் காய்ந்துவிடும். சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, ஆனால் அட்டையைக் கடிப்பதுபோல இருக்கும்.

பிறகு தேதி. மாஸ்கிங் டேப்பில் மார்க்கரால் 5/4 என்று எழுதினார். நம் ஊர் வழக்கப்படி ஏப்ரல் 5. மருமகள் அதை அமெரிக்க வழக்கப்படி மே 4 என்று படித்து, "இது இன்னும் வரவே இல்லையே மாமா" என்றாள். இரண்டு நாட்டு முறையும் ஒரே ஃப்ரீசரில் இருக்கக் கூடாது என்று மாமா முடிவெடுத்தார். அடுத்த லேபிளில் 'பங்குனி 22' என்று இருந்தது. தமிழ் படிக்கத் தெரியாத பேத்தி, சாப்பாட்டுக்காக மாதப் பெயர்களைக் கற்றுக்கொண்டாள். தமிழ்ப் பள்ளியில் கட்டணம் கட்டியும் நடக்காத காரியம்.

ஃப்ரீசர் 0 என்று காட்டுகிறதே, அது போதுமா என்று மாமி ஒருநாள் கேட்டுவிட்டாள். "அது ஃபாரன்ஹீட்டுடீ. முப்பத்திரண்டைக் கழிச்சு, அஞ்சால பெருக்கி, ஒம்பதால வகுத்தா மைனஸ் 18." அப்படியானால் கிருமியெல்லாம் செத்திருக்குமே என்றாள் மாமி.

"சாகாது. தூங்கும். ரெண்டு வருஷம் வரவு செலவே இல்லாத எஸ்.பி. அக்கவுண்ட் இருக்கே, அது செத்தா போச்சு? இன்ஆபரேட்டிவ், அவ்வளவுதான். மேடையில எடுத்து வெச்சு வெயில் காட்டினா உடனே ஆபரேட் ஆயிடும்."

நுண்ணுயிரியலை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. அதனால் உறைந்த லசானியா சமையல் மேடைக்கு வரக் கூடாது, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில்தான் இளகவேண்டும். முழுத் தட்டென்றால் ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். ஆக, சனிக்கிழமை ராத்திரி சாப்பிட வெள்ளிக்கிழமையே விண்ணப்பம் கொடுக்கவேண்டும். "உறைஞ்சதையே ஓவன்ல வைக்கலாம்ப்பா, நேரம்தான் கூட ஆகும்" என்று மகன் சொல்லிப்பார்த்தான். "வைக்கலாம். கண்ணாடித் தட்டுல வெச்சே, படார்னு விரிசல் விடும். அப்புறம் லசானியாவுல எது சீஸ், எது கண்ணாடின்னு நீ பொறுக்கு" என்றார். சூடாக்கிய துண்டின் நடுவில் தெர்மாமீட்டரைக் குத்தி, 74 டிகிரி வந்த பிறகே தட்டில் விழ அனுமதி.

முதலில் வந்தது முதலில் போகவேண்டும் என்பது அவருடைய தலையாய கொள்கை. வாசனை பிடித்துக்கொண்டு பேத்தி ஓடிவருவாள், புதுத் தட்டு நேரே ஃப்ரீசருக்குள் போகும், மூன்று மாதத்துக்கு முந்தியது வெளியே வரும். ஒழுங்காக உறையவைத்தது கெட்டுப்போகாது, இரண்டு மூன்று மாதத்துக்குப் பிறகு ருசிதான் குறையும் என்று அதே சுற்றறிக்கையில் இருக்கிறது. மருமகள் அதைப் படித்துக்காட்டினாள். "அதான், குறையறதுக்குள்ள தீர்க்கணும்" என்றார் மாமா. அவர் பொறுப்பேற்ற நாள்முதல் அந்த வீட்டில் யாரும் புது லசானியா சாப்பிடவில்லை.

ஜூலையில் இடிமழை. மரம் முறிந்து கம்பி அறுந்து தெருவே இருட்டு. அக்கம்பக்கத்து அமெரிக்கர்கள் திகைத்து வாசலில் நிற்க, தமிழ்நாட்டு மின்வெட்டுகளில் பழம் தின்று கொட்டை போட்ட நம் மாமாவின் முகத்தில் மட்டும் அப்படி ஒரு தேஜஸ். டார்ச்சோடு கராஜுக்குப் போய், ஃப்ரீசர் கதவின் குறுக்கே டேப் ஒட்டி, அதன் மேல் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். நிறைந்த ஃப்ரீசர் திறக்காமல் இருந்தால் 48 மணி நேரம் தாங்கும், பாதி காலியென்றால் 24 தான். அதற்காகவே காலி இடத்திலெல்லாம் தண்ணீர் பாட்டில்களைச் செருகிவைத்திருந்தார்.

"தாத்தா, ஐஸ்கிரீம் உருகிடும். இப்பவே சாப்பிட்டுடணும்."

நியாயமான வாதம். மேல்முறையீட்டிலும் தள்ளுபடியானது. மறுநாள் காலை கரண்ட் வந்ததும் குடும்பத்தையே சாட்சிக்கு நிறுத்தி சீல் உடைத்தார். துண்டுகள் மேல் ஐஸ் துகள் இன்னும் மின்னியது. அப்படி இருந்தால் மறுபடி உறையவிடலாம். லெட்ஜரில் 'இருப்பு திருப்தி' என்று எழுதினார்.

செப்டம்பரில் விசா முடிந்தது. அடுத்த ஆறு மாதத்துக்கு மருமகளின் அப்பா வருகிறார். தேனாம்பேட்டை ஏ.ஜி. ஆபீசில் ஆடிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமா ஐந்து பக்கத்துக்குச் சார்ஜ் ஒப்படைப்புக் குறிப்பு எழுதிவைத்துவிட்டு விமானம் ஏறினார்.

சம்பந்தி வந்த மூன்றாவது நாளே நங்கநல்லூருக்கு வீடியோ அழைப்பு. கராஜில் ஸ்வெட்டரோடு நிற்கிறார், கையில் லெட்ஜர், மூக்கில் கண்ணாடி.

"வணக்கம் சம்பந்தி. ஆவணி பத்தாம் தேதித் தட்டு. வரவு பன்னிரண்டு துண்டு. செலவு ஒண்ணும் எழுதலை. எண்ணிப் பார்த்தா பத்துதான் இருக்கு."

இந்தப் பக்கம் நீண்ட மௌனம். பின்னால் மாமி ஏதோ சிரிக்கும் சத்தம்.

"அது வந்து... நடுவுல 74 டிகிரி ஒழுங்கா வருதான்னு ஒரு நாள் ராத்திரி டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன். பண்ணினதை வீணாக்கக் கூடாதேன்னு..."

"சரி, அது ஒரு துண்டு. ரெண்டாவதுக்கு வவுச்சர் எங்கே?"