பொணத்தை யார் தூக்குவா?

நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று உப்பளம் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். வெள்ளையடித்த சமாதிகள், சாமந்தி மாலை, வரிசையாக மெழுகுவத்தி. உள்ளே படுத்திருப்பவர்கள் கேள்வி கேட்பதில்லை, வேறு கூட்டத்துக்கு ஓடிப்போவதுமில்லை. எந்த மதத் தலைவரும் கனவு காணும் சபை அதுதான்.

உயிரோடு இருப்பவனைத்தான் கட்டிக் காக்க வேண்டியிருக்கிறது. நரகம், எண்ணெய்க் கொப்பரை எல்லாம் வெளியாளை மிரட்டத்தான். உள்ளே இருப்பவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "நாளைக்கு உன் பொணத்தை யார் தூக்குவா?" பெயர் பக்தி, பிடி என்னவோ இடுகாட்டுச் சாவியில்.

தாவூதி போராக்களைக் கேளுங்கள். தலைமைக்கு அடங்காதவரை விலக்கி வைத்தால் பள்ளிவாசலும் கிடையாது, சமூக மயானமும் கிடையாது. பம்பாய் அரசு 1949இல் இதைத் தடுத்துச் சட்டம் போட்டது. தலைவர் சையத்னா வழக்குப் போட்டார். விலக்கி வைப்பது மதத்தின் உரிமை என்று 1962இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தையே தூக்கி எறிந்தது. ஐவரில் தலைமை நீதிபதி சின்கா ஒருவர்தான் மாறி எழுதினார். விவகாரம் 2023இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்குப் போயிருக்கிறது. தீர்ப்பு வரும்வரை விலக்கப்பட்டவர்கள் தயவுசெய்து சாவைத் தள்ளிப்போடவும்.

இந்துக் கிராமம் சளைத்ததா? சத்தீஸ்கரின் பஸ்தரில் 2025 ஜனவரி 7 அன்று ஒரு போதகர் இறந்தார். அவருடைய அப்பா காலத்திலேயே கிறிஸ்தவத்துக்குப் போன குடும்பம். சொந்த ஊர் மண்ணில் இடமில்லை என்றார்கள். உச்ச நீதிமன்றத்தில் இரு நீதிபதிகளும் இரு விதமாகச் சொல்லி, கடைசியில் ஊரைவிட்டு இருபது கிலோமீட்டருக்கு அப்பால் புதைக்கச் சொன்னார்கள். அதற்குள் உடல் பிணவறையில் இருபது நாள் கிடந்தது. தலைமுறை தாண்டியும் வட்டியோடு வசூல்!

கோயம்புத்தூரில் அவ்வளவு பொறுமை இல்லை. பழைய இரும்பு வியாபாரி ஃபாரூக், 31 வயது, திராவிடர் விடுதலைக் கழகக்காரர், கடவுள் இல்லை என்றவர். 2017 மார்ச் 16 இரவு உக்கடத்தில் வெட்டிக் கொன்றார்கள். கடவுள் கோபித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை. எல்லாம் வல்லவனுக்கு அரிவாள் பிடிக்கக் கூலியில்லா ஆள் தேவைப்பட்டிருக்கிறது, த்தூ!

மகனைப் பறிகொடுத்த தந்தை, இனி நானும் அந்தக் கழகத்தில் சேருவேன் என்றார்.