நின்றவருக்கு நோயில்லை

2020-இல் கொரோனா வந்ததும், மார்பு எக்ஸ்ரேயைப் பார்த்தே நோயைச் சொல்லும் செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் ஈசல்போலக் கிளம்பின. எல்லாம் கெட்டிக்காரப் பிள்ளைகள்.

சிலவற்றுக்குக் ‘கொரோனா உண்டு’ என்று பெரியவர்களின் படங்களைக் காட்டினார்கள். ‘இல்லை’ என்பதற்குச் சீனாவின் குவாங்சோவில் எடுத்த, ஒன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளின் படங்கள். மாதிரி கப்பென்று பிடித்துக்கொண்டது: நெஞ்சுக்கூடு சின்னதா, நோயில்லை. மார்க் வாரிக் குவித்தது. ஆகவே பொதுமக்கள் ஐந்து வயதைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். தடுப்பூசிச் செலவு மிச்சம்.

வேறு சில, நுரையீரல் பக்கமே போகவில்லை. படத்தின் ஓரத்தில் ஆஸ்பத்திரி போடும் எழுத்தின் வடிவத்தைப் பார்த்தன. எந்த ஆஸ்பத்திரி என்று தெரிந்தபிறகு எந்த வியாதி என்று தெரியாதா? இன்னும் சிலவற்றின் கணக்கு: படுத்தபடி படம் எடுத்துக்கொண்டவர் சீரியஸ், நின்றபடி எடுத்துக்கொண்டவர் தேவலை. இதை வார்டு பாயே சொல்வாரே என்று சிலர் முணுமுணுப்பார்கள். சொல்வார்தான். அவரிடம் கிராபிக்ஸ் கார்டு இருக்கிறதா?

கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் தலைமையில் ஒரு குழு இப்படிப்பட்ட 2,212 ஆய்வுகளை எடுத்துச் சலித்தது. 415 தேறின; தரம் பார்த்ததில் 62 மிஞ்சின. அந்த 62-இல் நோயாளிக்குப் பயன்படக்கூடியவை எத்தனை என்று 2021-இல் அறிவித்தார்கள்: பூஜ்யம்.

இரண்டு டாக்டரிடம் போனால் மூன்று அபிப்பிராயம் வரும் உலகில், இப்படியொரு ஒற்றுமையை வேறெங்கே பார்க்கமுடியும்?